கீழே இறங்கிய மைனஸ்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

கல்யாணப் பத்திரிகை வைக்க நீ தனலெட்சுமி வீட்டுக்குப் போயிருந்தபோது, "அன்னிக்கு ஸ்கூல்ல ஒங்க அப்பா ஏன் அப்படிச் சொன்னாரு?" என்று அவள் உன்னிடம் கேட்டாளாம். உனக்கும் காரணம் தெரியாதாம். உன் அம்மா போனில் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னாள். அப்போது உங்கள் இருவருக்கும் பதினாலு வயது. அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் நீ என்னிடம் ஒருமுறைகூட அதைப் பற்றிக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அடுத்த மாதம் நீ இன்னொரு வீட்டுப் பெண்ணாகிவிடுவாய். அதற்கு முன்னால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். வெளியே பனி இறங்கி, எதிரே இருக்கும் தேயிலை மலை கண்ணுக்குத் தெரியவில்லை.

நான் சந்தேகப் பிராணி என்று உன் அம்மா அடிக்கடி சொல்லுவாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பதில் மருந்து கொடுக்கும் டிரெஸராக இருப்பவனுக்குச் சந்தேகம்தான் பாதி வைத்தியம். திங்கட்கிழமை காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எம்.சி. என்ற லீவுச் சீட்டுக் கேட்டு வருகிறவனைக் கட்டிலில் படுக்கவைத்து, வயிற்றை அமுக்கிக்கொண்டே அவன் பிள்ளைகளின் பெயரைக் கேட்பேன். பொய்வலிக்காரன் மூத்தது முதல் கடைக்குட்டி வரை வரிசையாகச் சொல்லுவான். வலி நிஜமாக இருந்தால் பெயர் வாயில் வராது. இப்படியே பழகிப்போனதால் வீட்டிலும் நான் யார் சொன்னதையும் உடனே நம்பியதில்லை. உன்னையும்தான். அதற்காக நான் வருத்தப்படவில்லை. நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீயும் வருத்தப்பட மாட்டாய் என்று நினைக்கிறேன்.

நீங்கள் இருவரும் அப்போது இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டு. நீ டிரெஸர் மகள், மேட்டுக் குவார்ட்டர்ஸில் இருந்தாய். தனலெட்சுமி, ஆட்களை வேலை வாங்கும் கங்காணியின் மகள், கீழே தொழிலாளர் லைன் வீட்டில் இருந்தாள். தமிழ்ப்பள்ளியை முடித்துவிட்டு, எஸ்டேட் லோரியில் தானா ராத்தா டவுனுக்குப் போய், மலாயில் கணக்குப் படிக்க இரண்டு பேருமே திணறிக்கொண்டிருந்தீர்கள். ஒருநாள் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கப் போனபோது உன் கணக்கு வாத்தியார் என்னைப் பார்த்துவிட்டு, டீக்கடைக்கு அழைத்துப் போனார். தைப்பிங்கிலிருந்து மாற்றலாகி வந்தவர், நல்ல மனிதர். பையிலிருந்து இரண்டு பரீட்சைத் தாள்களை எடுத்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க டிரெஸர். ஒங்க மகளப் பாத்து அந்த லைன் பொண்ணு காப்பி அடிச்சிருக்கு."

அந்தப் பரீட்சை முழுக்க மைனஸ் வரும் பின்னங்களைச் சுருக்கும் கணக்குகள். −12/18 என்று ஒரு கணக்கு. மேலேயும் கீழேயும் ஆறால் வகுத்தால் −2/3. மைனஸ் மேலே நிற்கலாம், இல்லாவிட்டால் கோட்டுக்கு முன்னால் நிற்கலாம். நீ 2/−3 என்று எழுதியிருந்தாய். தனலெட்சுமியும் 2/−3. அடுத்தது −15/20. நீ 3/−4, அவளும் 3/−4. தாள் முழுக்க இதே கதைதான். வகுப்பில் வேறு யாருக்கும் மைனஸ் கீழே இறங்கவில்லை, உங்கள் இரண்டு பேருக்கு மட்டும் இறங்கியிருந்தது. −8/−12 என்ற கணக்கை மட்டும் இருவரும் 2/3 என்று சரியாகச் செய்திருந்தீர்கள். வாத்தியார் இன்னொன்றையும் விரலால் தொட்டுக் காட்டினார். நீங்கள் போட்டிருந்த மைனஸ் வெறும் கோடாக இல்லை. இரண்டு முனையும் மேலே வளைந்து, சின்னப் படகு மாதிரி இருந்தது. "இதக்கூட விடல, பாருங்க" என்றார். அடுத்த வாரம் இரண்டு அப்பாக்களும் தலைமையாசிரியரைப் பார்க்க வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

லோரியில் திரும்பி வரும்போது நானும் அவர் சொன்னதையே நம்பிக்கொண்டு வந்தேன். லைன் பிள்ளை, மேட்டுக் குவார்ட்டர்ஸ் பிள்ளையைப் பார்த்து எழுதியிருக்கும். நம்புவதற்கு அது சுலபமாக இருந்தது. பிரிஞ்சாங் தாண்டியதும் அந்தச் சுலபமே எனக்கு உறுத்த ஆரம்பித்தது. ஒரே லைனில் இரண்டு பிள்ளைக்கு ஒரே நாளில் வயிற்றுப்போக்கு வந்தால், ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றியது என்று நான் முடிவு கட்டுவதில்லை. இரண்டும் எந்தக் குழாயில் தண்ணீர் குடித்தன என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு உன்னைக் கூப்பிட்டு −20/35-ஐச் சுருக்கச் சொன்னது உனக்கு நினைவிருக்கும். நீ பயப்படாமல் செய்தாய். "மேல மைனஸ் இருக்குதானே, அதனால மைனஸ் அஞ்சால ரெண்டையும் வகுக்கணும். மேல சுத்தமாயிடும்" என்று சொல்லிக்கொண்டே 4/−7 என்று எழுதினாய். மைனஸ் இருபதை மைனஸ் ஐந்தால் வகுத்தால் நாலு, முப்பத்தைந்தை மைனஸ் ஐந்தால் வகுத்தால் மைனஸ் ஏழு. வழி சரிதான். மறுநாள் தனலெட்சுமியின் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றும் சாக்கில் அவளிடம் −14/21-ஐக் கொடுத்தேன். அவள் மைனஸ் ஏழால் வகுத்து, உன்னைவிட வேகமாக 2/−3 என்றாள். மைனஸ் அதே படகுதான். யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை என்பது தெளிவாகிவிட்டது. ஆனால் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டபோது நீ "நானே கத்துக்கிட்டேம்பா" என்றாய். அவளும் "நானே கத்துக்கிட்டேன் சார்" என்றாள். தனித்தனியாகக் கேட்டும் ஒரே பதில் வந்தால், கேட்பதற்கு முன்பே அந்தப் பதில் தயாராகியிருக்கிறது என்று அர்த்தம். காப்பியைவிடப் பெரிதாக எதையோ மறைக்கிறீர்கள் என்ற சந்தேகம் எனக்கு வந்தது. 

குழாய் எது என்பது மழை பெய்த ஒரு மத்தியானம் தெரிந்தது. கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் ஒரு கரும்பலகை உண்டு. மழை நாளில் கொழுந்தில் ஈரம் ஏறியிருக்கும் என்று கூடைக்குக் கூடை எடை கழிப்பார்கள். அந்தக் கழிவை எல்லாரும் பார்க்கும்படி பலகையில் எழுதுவது ஆபீஸ் குமாஸ்தாவான சின்னக் கிராணியின் வேலை. கையில் வெட்டுப்பட்ட ஒரு பெண்ணுக்கு மருந்து போடப் போன நான் தற்செயலாகத் தலையைத் தூக்கினேன். பலகை நிறைய மைனஸ்கள், ஒவ்வொன்றும் இரண்டு முனையும் வளைந்த படகு. சின்னக் கிராணி சந்திரன், கல்யாணமாகாத பையன், சுங்காயிலிருந்து வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, எப்போதும் துவைத்த சட்டை. அதுவரை அவனைப் பற்றி நான் நினைத்ததே இல்லை. அந்த நிமிஷத்திலிருந்து வேறு எதையும் நினைக்க முடியவில்லை. தனியாக இருக்கும் ஓர் ஆண்பிள்ளை என் மகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறான், அதை என் மகள் என்னிடம் மறைக்கிறாள். ஒரு தகப்பன் எதையெல்லாம் நினைப்பானோ அதையெல்லாம் நினைத்தேன். உனக்கும் நாளைக்கு ஒரு மகள் பிறந்தால் தெரியும்.

நெட்பால் பயிற்சி இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு நீ தாமதமாக வரும் நாள் ஒன்றில், சாக்கடை பார்க்கப் போகிறவன் போல லைனுக்கு இறங்கினேன். பனி நன்றாக மூடியிருந்தது, கங்காணி இன்னும் வீடு திரும்பவில்லை. கங்காணி வீட்டுப் பின்கட்டில் நீயும் தனலெட்சுமியும் பலகைமேல் குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். சந்திரன் நின்றுகொண்டிருந்தான். அவன் உன்னைப் பார்க்கவில்லை, தனலெட்சுமியைப் பார்க்கவில்லை. குழாயடியில் அவளுடைய அக்கா பார்வதி கைகளில் ஏறியிருந்த கொழுந்துக் கறையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளையும் அவன் பார்க்கவில்லை. அவளும் அவனைப் பார்க்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க அந்த இரண்டு பேரும் பட்ட பாடு இருக்கிறதே, அதிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சத்தம் காட்டாமல் மேடு ஏறிவிட்டேன்.

கங்காணி எப்படிப்பட்டவர் என்று உனக்கே தெரியும். பார்வதியை பீடோரில் இருந்த தன் அக்காள் மகனுக்குக் கொடுப்பதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். இவர்கள் காதல் வெளியே வந்தால் பெரியவள் அந்த வாரமே பீடோருக்குப் போய்விடுவாள், சின்னவளின் படிப்பு நின்றுவிடும், கிராணிக்கு வேலை போய்விடும். அக்காவைக் காப்பாற்றத் தனலெட்சுமி வாயை மூடிக்கொண்டாள், அவளைக் காப்பாற்ற நீ வாயை மூடிக்கொண்டாய். காப்பி அடித்தவர்கள் என்ற பெயரை வாங்கிக்கொள்ளவும் நீங்கள் தயாராக இருந்தீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுதினால் அது பொய். முதலில் வந்தது கோபம்தான். பெருமை பிறகு வந்தது.

தலைமையாசிரியர் அறையில் நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் நான் நின்ற இடத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். இருவருக்கும் தனித்தனியே கணக்குக் கொடுத்துப் பார்த்தேன், இருவருமே செய்தார்கள் என்று சொன்னேன். வாத்தியார் மறுக்கவில்லை. "சரி, அப்ப ரெண்டு பேருக்கும் இத யாரு சொல்லிக்கொடுத்தா? நான் சொல்லிக்கொடுக்கல" என்றார். கேட்க வேண்டிய கேள்விதான். மலாய்க்காரரான தலைமையாசிரியர் குரலை உயர்த்தாமல் "சியாப்பா அஜார்?", யார் சொல்லிக்கொடுத்தது என்று உங்களிடம் கேட்டார். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். கங்காணி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"படிக்க அனுப்புனா களவாணித்தனம் கத்துக்கிட்டு வருது. போதும் சார். நாளைக்கே கூடையக் கட்டிக்கிட்டு மலைக்குப் போவட்டும்."

தனலெட்சுமி ஓர் அடி முன்னால் வைத்தாள். அவள் வாயைத் திறக்கப்போகிறாள் என்று எனக்குத் தோன்றியது. திறந்தால் அக்காவின் பெயர் வெளியே வரும். அப்போதுதான் நான் சொன்னேன்.

"நாந்தான் சார் சொல்லிக்கொடுத்தேன். எங்க வீட்டுல, ரெண்டு பேருக்கும்."

நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. வாத்தியார் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் நோயாளியைப் பார்ப்பது போலவே பார்த்தார். பிறகு சாக்பீஸை எடுத்தார். "அப்படின்னா ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்க டிரெஸர்" என்று சொல்லி, அறையில் இருந்த பலகையில் −18/30 என்று எழுதி, சாக்பீஸை என்னிடம் நீட்டினார். என் படிப்பு பழைய இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துப் படிப்பு, மைனஸ் வைத்த பின்னத்தைத் தொட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. நீ ஆஸ்பத்திரியில் சொன்னதை நினைத்துக்கொண்டேன். மேலே மைனஸ் இருக்கிறது, ஆகவே மைனஸ் ஆறால் வகுக்க வேண்டும். மேலே மூன்று. கீழே முப்பதை மைனஸ் ஆறால் வகுத்தால் ஐந்து, அதற்கு முன்னால் மைனஸ். இரண்டு முனையையும் வளைத்துப் படகு மாதிரியே போட்டேன். 3/−5.

வாத்தியார் பலகையைப் பார்த்தார். "இது முடியல டிரெஸர். மைனஸ கீழ விடக்கூடாது. மேலயும் கீழயும் மைனஸ் ஒண்ணால பெருக்குனா கீழ சுத்தமாயி, மைனஸ் மேல ஏறிடும்" என்று −3/5 என்று எழுதிக் காட்டினார். மதிப்பு மாறுமா என்று கேட்டேன். மாறாது என்றார். "அப்ப முடிக்காததுக்கு மார்க்கக் கொறைங்க சார். திருட்டுன்னு மட்டும் போட்டுடாதீங்க" என்றேன். அவர் என்னை நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் கண்முன் இருந்த கணக்கை அவரால் தள்ள முடியவில்லை. அவர் நேர்மையானவர். ஒவ்வொரு விடைக்கும் பாதி மார்க் போட்டு, இரண்டு தாளிலும் தன் கையெழுத்தை வைத்தார். அவர் உங்களைச் சந்தேகப்பட்டதில் எனக்கு அன்றும் குறை இல்லை, இன்றும் இல்லை. சந்தேகத்தைப் பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டு அதையே முடிவு என்று எடுத்துக்கொண்டாரே, அங்கேதான் இடறினார். நீ குடும்பம் நடத்தப்போகிறாய், யார்மேலாவது ஒருநாள் சந்தேகம் வரத்தான் செய்யும். வந்தால் கடைசி வரைக்கும் போய்ப் பார். போக மனமில்லாவிட்டால் ஆரம்பிக்காதே.

என் சந்தேகம் அதோடு முடியவில்லை. சந்திரனை ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி, கதவைச் சாத்திவிட்டு, பார்வதியை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். 

"கல்யாணம் பண்ணிக்கத்தான் சார். கொஞ்ச நாள் போகட்டும்லா."

அந்தக் கொஞ்ச நாளை நம்பி, பிறகு முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு என் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவனிடம் அதைச் சொன்னேன். இனிமேல் லைன் பக்கம் போகக்கூடாது, சனிக்கிழமைதோறும் என் வீட்டுக்கு வந்து இரண்டு பிள்ளைகளுக்கும் கணக்குச் சொல்லித்தர வேண்டும் என்றேன். என் பொய் உண்மையாக வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவனிடம் சொல்லவில்லை. என் வீட்டில் பார்வதி இருக்கமாட்டாள். அவளைப் பார்க்கத்தான் கணக்கு என்றால் இவன் எத்தனை வாரம் தாக்குப்பிடிக்கிறான் என்று பார்க்க நினைத்தேன்.

சின்னக் கிராணி திடீரென்று நம் வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்தபோது, அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்று நீங்கள் இருவரும் மிரண்டதைப் பார்த்தேன். கேட்காமல் விட்டீர்கள், நானும் விட்டுவிட்டேன். நீங்கள் கணக்குப் போடும்போது நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் முன்பு வேலை பார்த்த எஸ்டேட்டின் டிரெஸருக்குப் போன் போட்டு, ஊரில் பெண்டாட்டி யாராவது இருக்கிறாளா என்றுகூட விசாரித்தேன். தாயார் மட்டும்தான் என்றார். அதையும் இன்னொருவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். மழைக்காலம் வந்தது, ரிங்லெட் பக்கம் மண் சரிந்து ரோடு அடைத்தது, குளிர் எலும்பைத் துளைத்தது. எந்தச் சனிக்கிழமையும் அவன் வராமல் இருக்கவில்லை. கீழே நிற்கும் மைனஸை மேலே ஏற்றி முடிக்கும் வழியையும் அவன்தான் உங்களுக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தான். இந்த வாரம் நின்றுவிடுவான், அடுத்த வாரம் நின்றுவிடுவான் என்று காத்திருந்து காத்திருந்து நான்தான் களைத்துப்போனேன்.

மறுவருஷம் அவன் தாயாரைக் கூட்டிக்கொண்டு தாம்பூலத்தட்டோடு கங்காணி வீட்டுக்குப் போனான். கங்காணி அரிவாளைத் தூக்குவார் என்று எதிர்பார்த்து, கட்டுத்துணியும் மருந்தும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். அவரோ தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, இரண்டொரு கேள்வி கேட்டு, சரி என்று சொல்லிவிட்டார். பீடோர் சம்பந்தம் எப்போதோ விட்டுப்போய்விட்டது என்றார். அவ்வளவு சீக்கிரம் அவர் சம்மதித்தது எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. எஸ்டேட் கோயிலில் கல்யாணம் முடியும்வரை அந்தச் சந்தேகம் என்னை விடவில்லை. பந்தியில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது கேட்டேவிட்டேன். அவர் இலையைப் பார்த்துக்கொண்டே, யாருக்கும் கேட்காதபடி சொன்னார்.

"அந்தப் பரீட்ச விவகாரம் வரைக்கும் எம் மக ஒங்க வீட்டுப் படி ஏறுனதில்ல சார். ஏறக்கூடாதுன்னு நாந்தான் சொல்லி வச்சிருந்தேன். அன்னிக்கு ஸ்கூல்ல நீங்க சொன்னது பொய்யின்னு அப்பவே தெரியும்."

பிறகு ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க யாருக்கும் பொய் சொல்ற ஆளு இல்ல. எம் மகளுக்காகச் சொல்றீங்கன்னா, எம் வீட்டுக்குள்ள நான் பாக்காதது என்னமோ இருக்குன்னு தெரிஞ்சிக்கிட்டேன். தேடுனேன். கண்டுபிடிச்சேன். மொதல்ல அவன வெட்டத்தான் நெனச்சேன். அப்பறம், சரி, எப்படிப்பட்டவன்னு பாப்போம்னு விட்டேன். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஒங்க வீட்டு வேலிக்கு அந்தாண்ட தேயிலைக்குள்ள நின்னுக்கிட்டுதான் சார் இருந்தேன், அவன் உள்ள என்ன பண்றான்னு."

உள்ளே பேப்பருக்குப் பின்னால் நான். வெளியே, அந்த மழையிலும் பனியிலும், தேயிலைச் செடிக்கு நடுவே அவர். நடுவில் ஒன்றும் தெரியாமல் உங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான் அந்தப் பையன். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். கங்காணி சோற்றைப் பிசைந்தார்.

"கணக்குதான் சார் சொல்லிக்கொடுத்தான்" என்றார். பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு என் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் விடச் சொன்னார்.

இப்படிக்கு,
உன் அப்பா